இல்லமும் நலமும்: எடை குறைப்போர்க்கு விருந்து நாள் ஆகுமா?



உடல் எடையைக் குறைக்க முயல்வோர் இல்லங்களிலெல்லாம் இன்று ஒரு வினா எழுகின்றது. வாரத்தில் ஆறு நாள் நாவை அடக்கி அளவோடு உண்பவர், ஏழாம் நாள் மனம் விரும்பியதை விரும்பியவாறு உண்ணலாமா? உண்ணலாம் என்பர் ஒரு சாரார். ஒரு நாளேனும் இடங்கொடாவிடில் ஆறு நாள் கட்டுப்பாடும் நிலைக்காது என்பது அவர் வாதம். கூடாது என்பர் மற்றொரு சாரார். ஏரிக்கரையில் சிறு துளை விழுந்தாலும் நீர் முழுதும் வடிந்துவிடும் என்பது இவர் அச்சம். ஆங்கிலத்தில் இந்நாளைச் 'சீட் டே', அதாவது ஏமாற்று நாள், என்று அழைக்கின்றனர். இப்பெயர் நமக்கு ஏற்புடையதன்று. உற்றாரும் அண்டை வீட்டாரும் கூடி அமர்ந்து உண்ணுமிடத்தில் யாரை யார் ஏமாற்றுகின்றனர்? ஆகவே இதனை விருந்து நாள் என்றே இங்குக் குறிப்போம்.

நாவின் சுவையைப் பற்றிய சிறு வினா என்று இதனைத் தள்ளிவிடுதல் இயலாது. 2023ஆம் ஆண்டு வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பேராய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று கணித்தது. மேனாட்டாரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே இந்நோய் நம்மவரைப் பற்றுகின்றது. ஆதலால் நம் நாட்டு மருத்துவர் எடையின் வரம்பையும் தாழ்த்தியே வைத்துள்ளனர். ஒருவரது எடையை, மீட்டரில் அளந்த அவரது உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 23ஐ எட்டுமாயின், அவர் எடை மிகுந்தவர். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இவ்வரம்பு ஏறத்தாழ 55 கிலோ. இடைச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் கடத்தல் நன்றன்று. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும் தாய்மாரும், மின்சார ரயிலில் நாள்தோறும் மூன்று மணி நேரம் கழித்து, எஞ்சிய நேரத்தை நாற்காலியில் கழிக்கும் தந்தைமாரும் நம் குடும்பங்களில் பலர். அவர்களுக்கு எடை குறைத்தல் அழகுக்காக அன்று. பேரக்குழந்தைகளைக் கண்டு களிக்கும் ஆயுளுக்காக.

கணக்கு கூறும் விடை

உணர்ச்சியை ஒதுக்கி, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி, 55 கிலோ எடையும் குறைந்த உடலுழைப்பும் உடைய பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 1,660 கலோரி போதுமானது. 65 கிலோ எடையுள்ள, அத்தகைய ஆடவருக்கு 2,110. ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும்.

ஓர் இல்லத்தரசி ஆறு நாள், நாளொன்றுக்கு 300 கலோரி குறைத்து உண்கிறார் என்று கொள்வோம். ஆறு நாள் சேமிப்பு 1,800. ஏழாம் நாள் காலையில் நெய்ப் பொங்கலும் வடையும். பகலில் பாயசத்தோடும் அப்பளத்தோடும் முழுச் சாப்பாடு. மாலையில் பஜ்ஜியும் ஜாங்கிரியும். இரவில் கடற்கரைக்குச் சென்று பாவ் பாஜியும் ஐஸ்கிரீமும். இவ்வாறு ஒரு நாளில் தேவைக்கு மேல் 1,500 கலோரி உண்ணுதல் சிறிதும் அரிதன்று. வாரக் கடைசியில் அவர் கையில் எஞ்சுவது 300 கலோரியே. இந்நடையில் ஒரு கிலோ குறைய 26 வாரம், அதாவது அரையாண்டு ஆகும். அத்துணைக் காலம் பொறுமையோடு காத்திருப்பவர் யார்? "எவ்வளவு பாடுபட்டும் பயனில்லையே" என்று மனம் உடைந்து முயற்சியையே கைவிடுவர்.

அதே பெண்மணி, ஏழாம் நாள் முழுவதையும் விருந்தாக்காமல் ஒரு வேளை உணவை மட்டும் விருந்தாக்கினால், மிகுதி 500 கலோரி அளவில் நிற்கும். 1,800இல் 500 போக 1,300 எஞ்சும். ஆறு வாரத்தில் 7,800. ஒரு கிலோ குறைந்துவிடும். ஏழு நாளும் தவறாது கட்டுப்பாடு காப்பவருக்கும் ஒரு கிலோ குறைய நான்கு வாரம் வரை ஆகும். ஆறு வாரத்துக்கும் நான்கு வாரத்துக்கும் உள்ள வேற்றுமை சிறிது. ஆறு வாரத்துக்கும் அரையாண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. ஆகவே விருந்து வேண்டுமா என்பதைக் காட்டிலும், விருந்து ஒரு வேளையா அன்றி ஒரு நாளா என்பதே உண்மையான வினா.

"தின்றதை நடந்து கரைத்துவிடலாமே" என்பாரும் உளர். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி உண்டு. அதனைக் கரைக்க, 60 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ அரை மணி நேரம் விரைந்து நடத்தல் வேண்டும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உறக்கத்துக்கும் நன்மை பயப்பது. நாள்தோறும் நடத்தல் வேண்டும். ஆனால் விருந்துக் கடனை நடையால் மட்டும் அடைத்தல் அரிது.

மனத்தின் வழி

கணக்கு இவ்வாறிருக்க, ஒரு வேளை விருந்துகூட வேண்டாம், கடுந்தவமே நன்று என்று சிலர் கருதலாம். மனித மனம் அத்தகையதன்று என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். போரால் பட்டினியுற்ற மக்களுக்கு மீண்டும் உணவூட்டும் முறையை அறிவதே நோக்கம். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுக்கே உணவளிக்கப்பட்டது; அவர்தம் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. உணவைத் தவிர வேறெதிலும் அவர்களுக்கு நாட்டமில்லாமற் போயிற்று. சமையற் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தவரும் உண்டு. சோதனை முடிந்து வேண்டிய உணவு கிடைத்த பின்னரும், வயிறு நிறைந்தும் மனம் நிறையாமல் சிலர் உண்டுகொண்டேயிருந்தனர். அளவு மீறிய அடக்கம் அளவு மீறிய உண்டியைப் பெற்றெடுக்கின்றது என்பதற்கு இது தக்க சான்று.

1975ஆம் ஆண்டு ஹெர்மன், மாக் என்னும் இரு உளநூலார் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். கல்லூரி மாணவியருள் சிலருக்கு ஒரு குவளை மில்க் ஷேக்கும், சிலருக்கு இரு குவளையும் அளித்தனர். சிலருக்கு ஒன்றும் அளிக்கவில்லை. பின்னர் எல்லோரிடமும் ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்குமாறு கூறினர். இயல்பாக உண்பவர், மில்க் ஷேக் அருந்தியபின் ஐஸ்கிரீமைக் குறைத்தே உண்டனர். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வந்தவரோ, மில்க் ஷேக் அருந்தியபின் ஐஸ்கிரீமை மிகுதியாக உண்டனர். "இன்றைய விரதம்தான் கெட்டுவிட்டதே, இனி எவ்வளவு உண்டால் என்ன?" என்னும் எண்ணமே இதற்குக் காரணம் என்பர்.

இவ்வெண்ணத்தை நாம் நன்கறிவோம். காலையில் ஒரு மைசூர்பாகு வாயில் விழுந்துவிட்டால், "இன்று போகட்டும், நாளை முதல் பார்த்துக்கொள்வோம்" என்று இரவு வரை உண்பதும், பின் "திங்கட்கிழமை முதல்" என்பதும், அதன்பின் "அடுத்த மாதம் முதல்" என்பதும் எவ்வீட்டில் நிகழவில்லை? எடையை ஏற்றியது அந்த ஒரு மைசூர்பாகு அன்று. அதன்பின் வந்த விரக்தியே. முன்னரே எண்ணித் திட்டமிட்ட விருந்துக்கு இவ்விரக்தி இல்லை. விதியில் அதற்கும் இடமிருப்பதால் விதி உடைவதில்லை. திட்டமிட்ட விருந்தின் சிறப்பு இதுவே.

விருந்து நாள் உடலின் அனலைத் தூண்டி எடையை விரைந்து குறைக்கும் என்றும் ஒரு கூற்று உலவுகின்றது. இதனை நம்பற்க. கொழுப்புத் திசுவில் சுரந்து பசியை அடக்கும் லெப்டின் என்னும் பொருள் 1994ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. மிகுதியாக உண்டால் அது சிறிது உயர்வதும், உடல் செலவிடும் ஆற்றல் சிறிது மிகுவதும் உண்மையே. ஆனால் அவ்வுயர்வு சில நாளில் தணியும்; செலவாகும் ஆற்றலினும் உண்ட ஆற்றலே பன்மடங்கு மிகுதி.

ஆயினும், கட்டுப்பாட்டினின்று இடையிடையே ஓய்வு கொள்ளுதல் பயன் தரலாம். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தார் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உடல் பருத்த 51 ஆடவர் பங்கேற்றனர். இரு வாரம் கட்டுப்பாடு, இரு வாரம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் சென்றவர், இடைவிடாது கட்டுப்பாடு காத்தவரினும் மிகுதியாக எடை குறைந்தனர். பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளிலும் இம்முடிவே கிட்டவில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்: அந்த ஓய்வு வாரங்களில் அவர்கள் விருந்துண்ணவில்லை; உடலுக்குத் தேவையான அளவே உண்டனர். ஓய்வு வேறு, களியாட்டம் வேறு.

நமக்கு இரண்டு பஞ்சாங்கம்

நிற்க. இப்பொதுவிதிகளை நம் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்குமிடத்து, ஒரு தனி இடையூறு தோன்றுகின்றது. ஊரிலுள்ள நம் உறவினருக்கு ஒரு பஞ்சாங்கம். மும்பையில் வாழும் நமக்கோ இரண்டு.

பொங்கலன்று நம் வீட்டில் சர்க்கரைப் பொங்கல். அக்காலத்திலேயே மகர சங்கராந்திக்கு அண்டை வீட்டார் தரும் எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டை. ஹோலிக்குப் பூரண் போளி. ஆவணி அவிட்டம் வரும் பௌர்ணமியிலேயே நாரளி பௌர்ணிமாவும் வர, நம் வீட்டில் வடை பாயசம். அவர் வீட்டில் இனிப்புத் தேங்காய்ச் சோறு. பிள்ளையார் சதுர்த்திக்கு நம் கொழுக்கட்டை ஒரு நாளோடு முடியும். இந்நகரத்து விநாயகரோ ஒன்றரை நாளும், ஐந்து நாளும், அனந்த சதுர்த்தசி வரையிலும் வீற்றிருப்பார். பார்க்கச் செல்லும் வீடுதோறும் மோதகம் உண்டு. நவராத்திரிக்கு ஒன்பது நாள் சுண்டல். தீபாவளி நமக்கு ஒரு நாள். இங்கோ தனதிரயோதசி தொடங்கி பாவ்பீஜ் வரை நீளும். பக்கத்து வீட்டுச் சகோதரி எவர்சில்வர் தட்டில் கரஞ்சியும் சக்லியும் சிவ்டாவும் சங்கர்பாளியும் கொணர்ந்து தருவார். தட்டை வெறுமையாகத் திருப்பியளித்தல் வழக்கமன்று; நம் முறுக்கும் அதிரசமும் அதில் ஏறும். இவ்வாறு மாடிக்கு மாடி தட்டுகள் ஏறி இறங்க, வீட்டு டப்பாக்கள் இரு வாரத்துக்கும் வற்றுவதில்லை.

இதனைக் குறைகூறுதற்கில்லை. மொழி வேறாயினும் மனம் ஒன்றே என்பதை நம் குழந்தைகள் முதன்முதலில் கற்பது இத்தட்டுகளின் வாயிலாகவே. பாட்டி ஊரைக் கண்டறியாத குழந்தைக்கு, பாட்டியின் கைப்பக்குவமான அதிரசமே ஊர். இவற்றை "கலோரி" என்று கூறி மறுத்தல், உணவை மட்டும் மறுத்ததாக முடியாது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருந்தின் பெயர் ஒன்றையும் கூறாது, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே மிகுதியும் வற்புறுத்துகின்றது. அதே நூலில் 'விருந்தோம்பல்' என்றும் ஓர் அதிகாரம் உண்டு. இரண்டும் ஒரு வாழ்வில் பொருந்தும் என்பதன்றோ அவர் கருத்து!

ஆனால் இரண்டு பஞ்சாங்கத்தின் விருந்துகளோடு, வாரந்தோறும் ஒரு விருந்து நாளையும் கூட்டினால் ஆண்டில் 52 நாள் மேலும் சேரும். இதனை உடல் பொறுக்காது. அமெரிக்காவில் 195 பேரை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நவம்பர் இறுதி முதல் புத்தாண்டு வரையுள்ள பண்டிகைக் காலத்தில் அவர்கள் எடை சராசரி 370 கிராம் கூடியதாகத் தெரிந்தது. அளவு சிறிதே. ஆனால் அடுத்த ஓராண்டிலும் அது இறங்கவில்லை. ஆண்டுதோறும் இவ்வாறு ஏறிக்கொண்டே போனால், பத்தாண்டில் மூன்றரை கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். நடுவயதில் "எப்படித்தான் எடை கூடிற்றோ" என்று வியப்போர் பலருக்கு விடை இதுவே.

நம் முன்னோர் உண்ணா நாளையும் உண்ணும் நாளையும் ஒருங்கே வைத்தனர். ஏகாதசியில் உபவாசம், அமாவாசையில் ஒருபொழுது, சஷ்டி, கிருத்திகை என்று எத்தனையோ நாட்கள். அவற்றுள் கருதத்தக்கது துவாதசிப் பாரணை. ஒரு நாள் முழுதும் உண்ணாதிருந்தவர் மறுநாள் எதனை உண்கிறார்? அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். விரதத்தின் மறுநாள் விருந்தன்று. பட்டினிக்குப் பரிசாகப் பெருந்தீனி கொள்ளும் பழக்கத்தை அவர் அனுமதிக்கவில்லை.

கைக்கொள்ளத்தக்க முறை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முறை யாதெனின்:

முதலாவது, பண்டிகையே நம் விருந்து நாளாக அமைக. மாதத் தொடக்கத்தில் நாட்காட்டியை எடுத்து, இரு பஞ்சாங்கத்துப் பண்டிகைகளையும் திருமண அழைப்புகளையும் குறித்துக்கொள்க. விருந்துள்ள வாரத்தில் தனியே ஒரு விருந்து வேண்டா. ஒன்றுமில்லாத வாரத்தில் ஒரு வேளையை வைத்துக்கொள்க.

இரண்டாவது, விருந்து ஒரு வேளையோடு நிற்க. பகலில் விருந்தாயின், காலையும் இரவும் வழக்கமான உணவே. விருந்தை எண்ணிக் காலையில் பட்டினி கிடத்தல் கூடாது. பசி மிகுந்தவர் அளவறியார்.

மூன்றாவது, விரும்புவதை மட்டும் உண்க. இலையிலுள்ள எல்லாவற்றையும் உண்ணுதல் கடமையன்று. பாயசத்தில் விருப்பமுள்ளவர் பாயசத்தை இருந்து சுவைத்து உண்டு, அப்பளத்தையும் வறுவலையும் விடுக. பலருடன் அமர்ந்து உண்க. நள்ளிரவில் தனியே டப்பாவைத் திறத்தல் விருந்தாகாது.

நான்காவது, டப்பாவை நீண்ட நாள் வையாதீர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. மூன்றாம் நாள் எஞ்சிய பலகாரத்தைக் கட்டடக் காவலர்க்கும் வீட்டு வேலையில் உதவுவோர்க்கும் அளித்துவிடுக; எஞ்சியது என்பதற்காக அளிக்காமல், முதல் நாளே அவர் பங்கை எடுத்துவைத்தல் இன்னும் நன்று. அடுத்த பண்டிகைக்குப் பலகாரத்தின் அளவைப் பாதியாக்குக. வகையைக் குறைக்க வேண்டுவதில்லை.

ஐந்தாவது, மறுநாட் காலை எடைக்கருவியில் ஏறாதீர். விருந்தின் உப்பும் மாவுப்பொருளும் உடலில் நீரைத் தேக்கும். உடல் சேமிக்கும் சர்க்கரை ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீர் உடன் தங்கும். ஆகவே ஓரிரு கிலோ கூடியதாகத் தோன்றும், அது கொழுப்பன்று, சில நாளில் இறங்கும். அதனைக் கண்டு அஞ்சி மறுநாள் பட்டினி கிடப்பதும், அப்பட்டினியால் மீண்டும் மிகுதியாக உண்பதும் பெருங்கேடு. வாரத்தில் ஒரு நாள், விருந்துக்கு முந்திய காலையில், எடை பார்த்தால் போதும்.

யார்க்கு இம்முறை ஆகாது?

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உபவாசமும் விருந்தும் மேற்கொள்ளலாகாது. உண்ணாதிருந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்தலும், விருந்தால் மிக உயர்தலும் நேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைக்கும் முயற்சியையே மருத்துவர் சொற்படியன்றி மேற்கொள்ளற்க. சிலர் உண்ணத் தொடங்கினால் நிறுத்தவியலாது மறைவில் உண்பர். பின் வருந்தி வலிந்து வாந்தியெடுப்பர். இளம்பெண்களிடையே இது காணப்படுகின்றது. இது பேராசையன்று, மருத்துவம் தேவைப்படும் நோய். இத்தகையவருக்கு விருந்து நாள், பட்டினி நாள் என்னும் பாகுபாடே தீங்கு. தாய்மார் ஏசாமல், கனிவோடு டாக்டரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

முடிவாக, பரிமாறுவோர்க்கு ஒரு சொல். "ஒன்றுதானே, தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று மாமியார் மருமகளையும், அத்தை மருமகனையும் வற்புறுத்துவது அன்பினாலேயே. ஆனால் எடை குறைக்க முயல்பவர் நாளொன்றுக்கு ஐந்து முறை இவ்வன்பை மறுக்க வேண்டியிருந்தால், ஆறாம் முறை சோர்வர். ஒருமுறை கேட்டு, வேண்டாமென்றால் விட்டுவிடுதலும் உபசாரமே. மறுப்பவரும் முகத்தைச் சுளிக்காமல், "மாமி, இன்றைக்கு வேண்டாம், பொங்கலன்று தங்கள் கையால் உண்கிறேன்" என்று கூறி, அன்று அவ்வாறே உண்பாராக. சொன்ன நாளில் மனமார உண்பவரை யாரும் தவறாக எண்ணார். அவர் மறுக்கும் மற்ற நாட்களையும் வீட்டார் மதிக்கத் தொடங்குவர்.

விருந்து வேண்டும், வேளையறிந்து, அளவறிந்து, உற்றாருடன் வேண்டும். அடுத்த திங்கள், ரயிலில் நெடுந்தொலைவு சென்று பணியாற்றுவோர்க்கான காலை உணவைப் பற்றி ஆராய்வோம்.